செஞ்சிக் குன்றுகளில் மூன்று நாட்கள்

மார்கழிக் குளிர் தொடங்கியிருந்த ஒரு மாலை. செபமாலை முடிந்து மக்கள் கலைந்து சென்றபின், எம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பங்கு இல்லத்துத் திண்ணையில் வந்து அமர்ந்தார். அவர் கையில் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. திருமண ஓலைக்கோ ஞானஸ்நானச் சான்றிதழுக்கோ வந்திருப்பார் என்றே நினைத்தோம். தாளை விரித்தபோது அதில் ஒரு வரைபடம் தெரிந்தது. செஞ்சிக் கோட்டையின் மூன்று குன்றுகள், வடக்கே சிங்கவரமும் திருநாதர்குன்றும், கிழக்கே மேல்சித்தாமூர், விழுப்புரம் செல்லும் வழியில் மண்டகப்பட்டு. இவை எல்லாவற்றையும் சிவப்பு மையால் இணைக்கும் ஒரு கோடு.

"மூன்று நாள், ஃபாதர். இந்தக் கோட்டின் மேலேயே ஓடப்போகிறேன். தார்ச்சாலையில் இல்லை, ஒற்றையடிப் பாதை, ஏரிக்கரை, குன்று. நீங்கள் சாட்சியாக இருக்கவேண்டும்" என்றார்.

யார் நடத்தும் போட்டி என்று கேட்டோம். யாரும் நடத்தவில்லை என்றார். பரிசு உண்டா என்றோம். இல்லை என்றார். அப்படியானால் எதற்கு என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டோம். அவர் சிறிது நேரம் வாசலிலிருந்த வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மற்றவர்கள் வைத்த பரீட்சையெல்லாம் எழுதிப் பார்த்துவிட்டேன், ஃபாதர். இது நானே எனக்கு வைத்துக்கொள்வது."

இவ்விளைஞர் இருமுறை காவலர் தேர்வுக்குச் சென்றவர். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடவேண்டிய உடற்தகுதித் தேர்வில் மூச்சு வாங்காமல் தேறியவர். ஆயினும் இறுதிப் பட்டியலில் இருமுறையும் அவர் பெயர் வரவில்லை. தந்தை இல்லை. இப்போது வீடுகளுக்கு வயரிங் வேலை செய்து தாயைக் காப்பாற்றி வருகிறார். மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் அத்தாய் எம்மைத் தேடி வந்தார். "சாமி, நீங்க சொன்னா கேட்பான். எங்கேயாவது பாறையில விழுந்து கிடந்தா எனக்கு யார் இருக்கா?" என்று கேட்டார். எமக்கு விடை தெரியவில்லை. உண்மையைச் சொல்வதானால், அப்போது நாமும் அத்தாயின் பக்கமே இருந்தோம்.

நம் குடும்பங்களுக்குப் பல நாள் கால்நடையாகச் செல்வது புதிதன்று. ஆகஸ்ட் மாதக் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடப்போரைக் கடற்கரைச் சாலை முழுவதும் காண்கிறோம். ஆனால் அங்கே வழி உண்டு, கூட்டம் உண்டு, பந்தலில் மோர் உண்டு, முடிவில் அன்னையின் ஆலயமும் உண்டு. இந்த இளைஞர் கேட்டது வேறு வகை. மலையிலும் காட்டிலும் வயல் வரப்பிலும் ஓடுவதை ஆங்கிலத்தில் 'ட்ரெயில் ரன்னிங்' என்கிறார்கள். அதிலும் வழியைத் தாமே வகுத்து, விதிகளைத் தாமே எழுதி, நாள் கணக்கில் ஓடுவது ஒரு தனிப் பிரிவாகவே வளர்ந்திருக்கிறது. நாம் விசாரித்து அறிந்தவற்றை வாசகர்களுக்குச் சொல்வது நலம். ஏனெனில் இத்தகைய தாளோடு நாளை உங்கள் வீட்டுப் பிள்ளையும் வரக்கூடும்.

இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரிகளும் மொட்டை மலைகளும் நிறைந்த ஒரு நாடு உண்டு. அங்கே கெஸிக் என்னும் சிற்றூரில் விருந்தினர் விடுதி நடத்தி வந்தவர் பாப் கிரஹாம். வயது நாற்பதைக் கடந்தவர். ஓட்டப் பந்தய வீரர் அல்லர். 1932 ஜூன் மாதத்தில் அவர் தம் ஊர் மன்றத்தின் வாயிலிலிருந்து புறப்பட்டு, சுற்றிலுமுள்ள 42 சிகரங்களையும் தொட்டு, 24 மணி நேரம் நிறைவதற்கு 21 நிமிடம் இருக்கையில் அதே வாயிலுக்குத் திரும்பினார். சுற்றின் நீளம் ஏறத்தாழ 106 கி.மீ.; ஏறிய ஏற்றங்களைக் கூட்டினால் 8,200 மீட்டர், அதாவது எவரெஸ்ட்டின் உயரத்தைவிடச் சற்றே குறைவு. கால்களில் டென்னிஸ் காலணி. மேலே இரவுச் சட்டை. உணவு வெண்ணெய் தடவிய ரொட்டியும் முட்டையும் பழமும். அவருக்குப் பரிசளிக்க யாரும் காத்திருக்கவில்லை. அவர் செய்ததை விஞ்ச 28 ஆண்டுகள் ஆயின. 1960-இல்தான் ஆலன் ஹீட்டன் என்பவர் அதனை மீண்டும் முடித்தார். 1971-இல் அவர் பெயரால் ஒரு கழகம் அமைந்தது. இன்றுவரை 2,000-க்கும் மேற்பட்டோர் அச்சுற்றை முடித்து அதில் உறுப்பினராகியுள்ளனர். அக்கழகத்தின் ஒரு விதி எம் கவனத்தை ஈர்த்தது. ஒவ்வொரு சிகரத்திலும் ஓடுபவரோடு ஒரு துணைவர் நின்று கண்டிருக்க வேண்டும். பரிசே இல்லாத ஒன்றுக்குச் சாட்சி எதற்கு என்று முதலில் நமக்குச் சிரிப்பு வந்தது. பின்னர் வரவில்லை.

நம் நாட்டிலும் இத்தகையோர் உண்டு. சென்னையில் நெடுங்காலம் வாழ்ந்த பெல்ஜிய நாட்டவரான பீட்டர் வான் கெய்ட் என்பவர் 2018-இல் இமயமலையில் தாமே வரைபடங்களைப் பார்த்து வகுத்த வழியில், 75 நாட்களில் 40 கணவாய்களைக் கடந்து ஏறத்தாழ 1,500 கி.மீ. சென்றார். சுமை மிகக் குறைவு. பல இரவுகள் ஆட்டிடையர்களின் குடில்களே தங்குமிடம். சூஃபியா என்னும் பெண்மணி 2019-இல் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை 87 நாட்களில் ஓடினார். அது சாலை வழி. ஐரோப்பாவில் கிலியான் ஜோர்னெட் 2024 ஆகஸ்டில் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் 4,000 மீட்டருக்கு மேற்பட்ட 82 சிகரங்களை 19 நாட்களில் தொட்டார். சிகரத்துக்குச் சிகரம் இடையே கால்நடையும் சைக்கிளும் அன்றி வேறு ஊர்தி கிடையாது. இவற்றையெல்லாம் அந்த இளைஞர் எம்மைவிட நன்றாக அறிந்திருந்தார். கைப்பேசியில் படமும் காட்டினார். "அவர்களுக்கு ஆல்ப்ஸ், நமக்குச் செஞ்சி" என்றார்.

செஞ்சியைக் குறைவாக மதிப்பவர் யாரும் இருக்க முடியாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் முக்கோணமாக இணைத்து ஓடும் மதில்களின் நீளம் 13 கி.மீ.; அவை வளைத்த பரப்பு 11 சதுர கி.மீ. ராஜகிரியின் உயரம் 240 மீட்டர் அளவே. ஆயினும் அதன் உச்சிக் கோட்டைக்குள் நுழையுமுன் பாறை பிளந்து நிற்கும் ஓர் ஆழ்ந்த பள்ளத்தைப் பாலத்தின் வழியே தாண்டவேண்டும். 1597-இல் இவ்வூருக்கு வந்த இயேசு சபைக் குரு நிக்கோலாவ் பிமென்டா, தாம் இந்தியாவில் கண்ட நகரங்களுள் இதுவே மிகப் பெரிதென்றும், போர்ச்சுக்கலில் லிஸ்பன் நீங்கலாக வேறெந்த நகரும் இதற்கு ஈடாகாதென்றும் எழுதினார். மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் முற்றுகையிட்டு 1698-இல்தான் இக்கோட்டையைப் பிடிக்க முடிந்தது. 1714-இல் தேசிங்கு ராஜன் வீழ்ந்த கதையைத் தெருக்கூத்திலும் நாட்டுப் பாடலிலும் கேளாதவர் நம் பக்கத்தில் இல்லை. அதே கோட்டையை 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை ஒரே இரவில் ஏறிப் பிடித்தது. எட்டாண்டு முயன்றவனும் உண்டு. ஓரிரவில் ஏறியவனும் உண்டு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியர் காலப் போர்க்கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே அதில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றே.

நிற்க. தாயின் கேள்வி எம் மனத்தை விட்டு அகலவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், நடைப்பயணம் சென்று இறங்கிக்கொண்டிருந்த குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் இளம் வயதினர், உயிரிழந்தனர். நல்ல உடல்வலிமை உள்ளவர்களே. கோடையில் காய்ந்த புல் தீப்பற்றினால் அது மேட்டை நோக்கி மனிதனைவிட வேகமாக ஓடும் என்பதை அன்று நாடே கண்டது. அதன்பின் அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 வழித்தடங்களை வழிகாட்டியுடன் திறந்தும் விட்டது. காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பதை நம் இளைஞர் பலர் இன்னும் அறியார்.

ஆகவே நாம் சில நிபந்தனைகள் விதித்தோம். அவருடைய கோடு ஓரிடத்தில் காப்புக்காட்டை ஊடறுத்துச் சென்றது. அதனை அழித்து ஊர் வழியே திருப்பச் சொன்னோம். கோட்டைக் குன்றுகளில் தொல்லியல் துறையின் நேரத்துக்குள், சீட்டு வாங்கி, காவலரிடம் சொல்லிவிட்டு ஏறவேண்டும். காலம் தை மாதமாக இருக்கவேண்டும். ஐப்பசி கார்த்திகையில் பாறை வழுக்கும், பங்குனிக்குப் பின் அதே பாறை அடுப்புக்கல் ஆகிவிடும். தனியே ஓடக்கூடாது. காணும் பொங்கலன்று கோட்டையில் திருவிழாக் கூட்டம் கூடுமாதலால் அதைத் தவிர்த்து, குடியரசு நாளை ஒட்டி வந்த சனி, ஞாயிறு, திங்கள் என்று நாள் குறித்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணித் திருப்பலிக்குப் பிறகே இரண்டாம் நாள் ஓட்டம் என்பதையும் சேர்த்தோம். இதற்கு மட்டும் அவர் முகம் சற்றுச் சுருங்கியது. வெயில் ஏறிவிடுமே என்ற கவலை. அதில் நாம் இறங்கி வரவில்லை.

அவரோடு ஓட நண்பர் ஒருவர் முன்வந்தார். நண்பரின் தங்கை செவிலியர் படிப்பு மாணவி. குறிப்பேடு எழுதும் பொறுப்பையும் முதலுதவிப் பையையும் அவர் ஏற்றார். நாம் எமது பழைய இருசக்கர வண்டியில் தண்ணீர்க் குடத்தோடு பின்தொடர்வதென்று முடிவாயிற்று. ஓட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, வழியைப் பார்த்துவிடுவோம் என்று தனியே ராஜகிரி ஏறினோம். ஐம்பதைக் கடந்த முழங்கால்கள் பாலத்தருகே வேலைநிறுத்தம் செய்தன. கமலக்கண்ணி அம்மன் கோயிலருகே ஒரு குரங்கு எம் கைப்பையைப் பறித்து, உள்ளே செபப்புத்தகம் மட்டுமே இருக்கக் கண்டு வெறுப்போடு எறிந்துவிட்டுப் போயிற்று.

முதல் நாள் மூன்று குன்றுகள். கிருஷ்ணகிரியை இருவரும் விளையாட்டாக ஏறி இறங்கினர். ராஜகிரியில் ஏறும்போதும் தொல்லை இல்லை. தொல்லை இறக்கத்தில்தான். மலை ஏறுவது கடினம், இறங்குவது எளிது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஏற்றத்தில் இளைப்பது மூச்சு. அது நின்றால் ஆறிவிடும். இறக்கத்திலோ தொடையின் முன்தசைகள் உடலின் பாரத்தைத் தாங்கியபடியே நீள வேண்டியிருக்கிறது. ஒவ்வோர் அடியிலும் தசைநாரில் கண்ணுக்குத் தெரியாத சிறு கிழிவுகள் உண்டாகின்றன. அவை அன்று வலிப்பதில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளுமே வலி உச்சத்தை அடைகிறது. ஒருநாள் பந்தயத்தில் ஓடுபவன் அறியாத துன்பம் இது. பலநாள் ஓட்டத்தின் கணக்கு இங்கேதான் மாறுகிறது: முதல் நாள் வேகமாக இறங்கியவன் இரண்டாம் நாள் அதற்கு வட்டியோடு கட்டவேண்டும். நண்பர் வேகமாக இறங்கினார். தேய்ந்த படியொன்றில் கணுக்கால் திரும்பியது. கணுக்காலைச் சுற்றித் துணியால் இறுகக் கட்டி, அவரை அடிவாரத்துப் புளியமரத்து நிழலில் அமர்த்தினோம். அவருடைய ஓட்டம் அங்கேயே முடிந்தது.

அப்போது பிற்பகல் ஒரு மணி. எஞ்சியது சந்திரகிரி. மற்ற இரண்டையும் போல அங்கே பார்வையாளர் போக்குவரத்து இல்லை. முட்செடி மண்டிய பாதை. தனியே விடமாட்டோம் என்றோம். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பாதி வழிவரை தாம் வருவதாகச் சொன்னார். காவலரிடம் கூறிவிட்டு இருவரும் சென்றனர். கீழிருந்து பார்த்த எமக்கு அவர் ஒரு மதிலின் பின்னே மறைவது மட்டும் தெரிந்தது. மேலேதான் போகிறார் என்று எண்ணி, மாணவி குறிப்பேட்டில் 'சந்திரகிரி' என்றெழுதி எதிரே சரிக்குறி இட்டுவிட்டார்.

ஒரு மணி நேரத்துக்குப் பின் கையெல்லாம் முள் கீறலோடு இறங்கி வந்தார். நாம் தோளில் தட்டிப் பாராட்டினோம். தண்ணீர் குடித்துவிட்டுக் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். "இதை அடிச்சிடும்மா. நான் உச்சிக்குப் போகலே" என்றார்.

மேல் மதிலுக்குச் சற்றுக் கீழே வழி அடைத்துக் கிடந்ததாம். வேறு வழி தேடினால் கோட்டை மூடும் நேரத்துக்குள் இறங்க முடியாது என்று திரும்பிவிட்டாராம். ஆடு மேய்ப்பவர் பாதியிலேயே தம் ஆடுகளோடு நின்றுவிட்டார். கண்டவர் யாரும் இல்லை. மாணவி எம்மைப் பார்த்தார். "கிட்டத்தட்டப் போயாச்சேண்ணா, அது போதாதா?" என்றார். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்: அக்கணம் எம் நாவிலும் அதே சொல்தான் இருந்தது. அவர் தாமே பேனாவை வாங்கிச் சரிக்குறியின் மேல் ஒரு கோடு கிழித்தார். பிறகு நெடுநேரம் பேசவில்லை. முதல் நாளே அவருடைய பரீட்சையில் அவர் தோற்றுவிட்டார், திருத்தியவரும் அவரே.

இரண்டாம் நாள் திருப்பலியில் முழந்தாளிட முடியாமல் அவர் தூணைப் பிடித்து நின்றதைப் பீடத்திலிருந்தே கண்டோம். வருவாரா என்ற ஐயம் எமக்கு இருந்தது. வந்தார். சிங்கவரம் வரை நடந்தார். தசைகள் சூடேறியபின் மெல்ல ஓடினார். நிலக்கடலைக் கொல்லைகளும் பனை வரிசைகளும் கடந்து திருநாதர்குன்றில் நாம் அவரைச் சந்தித்தோம். அங்கே ஒரு பெரும்பாறையில் சமணத் தீர்த்தங்கரர் 24 பேரின் உருவங்கள் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அருகே ஒரு கல்வெட்டு. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாட்கள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடம் அது என்று அது கூறுகிறது. வட்டெழுத்தாக மாறிவரும் பழைய எழுத்தில், ஏறத்தாழ 6-ஆம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்டது. 'ஐ' என்னும் எழுத்து காணப்படும் மிகப் பழைய கல்வெட்டுகளுள் ஒன்று என்று அறிஞர் போற்றுவர். ஐம்பத்தேழு என்ற எண்ணை எழுதவே அவ்வெழுத்து தேவைப்பட்டது போலும்! மற்றொரு கல்வெட்டு வேறொரு துறவி 30 நாள் நோன்பிருந்து முடிந்ததைச் சொல்கிறது.

உயிர் நீங்கும்வரை நோற்கும் அந்நோன்பு நம் மறை ஏற்கும் வழியன்று. ஆயினும் அப்பாறையின் முன் நின்றபோது நாம் தலை வணங்கியதை மறைக்க விரும்பவில்லை. இளைஞர் அந்த எழுத்துகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவர் முடித்துவிட்டார்; அதனால் கல்லில் வெட்டினார்கள். முடிக்காதவர்களைப் பற்றி எங்காவது வெட்டியிருப்பார்களா, ஃபாதர்?" என்று கேட்டார். நாம் பதில் சொல்லவில்லை. தண்ணீர்க் குவளையை நீட்டினோம்.

தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வியர்வையில் நீரோடு உப்பும் போகிறது. வெறும் நீரையே குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், தலைவலியும் குமட்டலும் வந்து, முற்றினால் அறிவே தடுமாறும். அதைத் தாகம் என்று எண்ணி இன்னும் குடிப்பவர் உண்டு. ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் அதுவே போதிய மருந்து. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கின்போது கொடுக்கிறோமே, அதே கரைசல்தான். நம் பக்கத்துக் கம்பங்கூழும் உப்பிட்ட மோரும் இதற்குச் சளைத்தவை அல்ல. வழியில் ஒரு வீட்டில் கொடுத்த கூழை அவர் மூன்று சொம்பு குடித்தார்.

மேல்சித்தாமூர் செஞ்சிக்குக் கிழக்கே சுமார் 10 கி.மீ. தொலைவில் உள்ளது, தமிழ்ச் சமணரின் தலைமை மடம் அமைந்த ஊர். அங்கு அவர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. குதிகாலில் கொப்புளம் உடைந்து காலுறை சிவந்திருந்தது. அதைவிட முக்கியமான ஒன்றை மாணவி தனியே விசாரித்தறிந்து எம்மிடம் வந்து சொன்னார்: சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போகிறதாம். நீர் வற்றியதால் அப்படி இருக்கலாம். அளவு மீறி உழைத்த தசை சிதைந்து அதன் கழிவு இரத்தத்தில் கலந்தாலும் அப்படி இருக்கலாம். பின்னதானால் சிறுநீரகம் கெடும். சட்டைப் பையில் அவர் வலிநிவாரண மாத்திரைகள் வேறு வைத்திருந்தார். நீர் வற்றிய உடம்பில் அம்மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு மேலும் தீங்கு என்று சொல்லி மாணவி அவற்றைப் பிடுங்கிக்கொண்டார். அவர் குரலில் அப்போதிருந்த அதிகாரம் எமக்கும் வராது. "காலையில தெளிவா போனாத்தான் மூணாம் நாள். இல்லேன்னா நேரா ஆஸ்பத்திரி. இது என் விதி, அண்ணா."

அன்றிரவு நமக்கு உறக்கம் இல்லை. அத்தாய்க்கு நாம் என்ன சொல்வோம் என்பதே நினைவு. விடியற்காலை 4 மணிக்குக் கைப்பேசி ஒலித்தது. நிறம் தெளிந்துவிட்டதாம், பசிக்கிறதாம்.

மூன்றாம் நாள் அவர் ஓடினார் என்று எழுதினால் பொய்யாகும். பெரும்பாலும் நடந்தார். மேட்டில் நடந்தார், பள்ளத்தில் பக்கவாட்டாக நண்டுபோல் இறங்கினார், ஏரிக்கரையின் சமதளத்தில் மட்டும் நூறடி, இருநூறடி ஓடினார். கணுக்கால் கட்டோடு நண்பர் எம் வண்டியின் பின்னால் அமர்ந்து வந்து, ஊருக்கு ஊர் இறங்கிக் கைதட்டினார். பள்ளிகளில் குடியரசு நாள் கொடி பறந்துகொண்டிருந்தது. மிட்டாய் தின்ற சிறுவர்கள் ஒரு கூட்டமாக அவரோடு சிறிது தூரம் ஓடினர். அவர்களுள் செருப்பில்லாத ஒரு சிறுமி அவரைத் தாண்டி ஓடி, மதகின் மேல் நின்று, வா வா என்று அழைத்தாள்.

மண்டகப்பட்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் எதுவுமின்றி இக்கோயிலை அமைத்தேன் என்று 7-ஆம் நூற்றாண்டிலேயே அம்மன்னன் கல்லில் பொறித்துச் சென்ற இடம். அதன் முன்னுள்ள பாறையில், விழுப்புரம் பேருந்தில் வந்து இறங்கிய அத்தாய் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். யார் சொல்லி அனுப்பினார்கள் என்று நாம் கேட்கவில்லை. மகன் நொண்டிக்கொண்டு வருவதைக் கண்டதும் எழுந்தார். ஆனால் எதிரே போகவில்லை. பாறையைத் தொடும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார். "முடிச்சிட்டியாடா?" என்று கேட்டார்.

"இல்லேம்மா. ஒண்ணு பாக்கி."

நண்பர் ஒரு யோசனை சொன்னார். நாளையே போய்ச் சந்திரகிரி உச்சியைத் தொட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும் அல்லவா? இளைஞர் தலையசைத்தார். முதல் நாளிலேயே மூன்று குன்றுகளும் என்றுதான் தாம் எழுதியிருப்பதாகச் சொன்னார். அந்தத் தாளை வேறு யாரும் எழுதியிருந்தால் நாமே வாதாடி ஒரு சலுகை வாங்கியிருப்போம்.

குறிப்பேட்டில் சாட்சியாகக் கையெழுத்திடும்படி அவர் எம்மிடம் நீட்டினார். மாணவியின் முத்து முத்தான கையெழுத்தில் இடம், நேரம், குடித்த நீரின் அளவு, கொப்புளத்தின் கணக்கு எல்லாம் இருந்தன. முதல் பக்கத்தில் சரிக்குறியின் மேல் அவர் இழுத்த கோடும் இருந்தது. இதற்கு முன் எத்தனையோ சான்றிதழ்களில் கையெழுத்திட்டிருக்கிறோம்; அவற்றுள் சிலவற்றில் எழுதியிருந்ததை முழுதும் படித்ததில்லை. இதை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டே கையெழுத்திட்டோம்.

குறிப்பேடு பங்கு இல்லத்து மேசை இழுப்பறையில், ஞானஸ்நானப் பதிவேட்டுக்குக் கீழே இருந்து வந்தது. சென்ற வாரம் அவர் வந்து அதைத் திரும்பக் கேட்டார். கணுக்கால் தேறிய நண்பரும் உடன் வந்திருந்தார். புதிதாக ஒரு தாள் வரைய வேண்டுமாம். அதற்குப் பழைய நேரக் கணக்குகள் தேவையாம். இம்முறை கோடு சந்திரகிரியிலிருந்து தொடங்குகிறது. ஆடு மேய்க்கும் பெரியவரையும் முன்னதாகவே கண்டு பேசிவிட்டார்கள். மறுபக்கத்தில் ஆடுகள் ஏறும் தடம் ஒன்று உண்டாம். தாய்க்குத் தெரியுமா என்று கேட்டோம்.

"தண்ணிக் குடத்தை இந்தத் தடவை அம்மாதான் எடுத்துக்கிட்டு வர்றாங்களாம், ஃபாதர். உங்க வண்டியில இடம் இருக்குமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."